அடுப்பு மேடையின் உயரம்

— மறுபடியும் தரையைப் பாத்துட்டீங்க. பாக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?

— பாக்காம எப்படி மேடம் நடக்கறது? என் கிச்சன்ல பூராவும் பொடியைக் கொட்டி வெச்சிருக்கீங்க. வழுக்கி விழுந்தா யாரு பொறுப்பு?

— சாக்பீஸ் பொடி வழுக்காது. இன்னொரு தடவை சொல்றேன், கேளுங்க. பழசெல்லாம் பேத்து எடுத்தாச்சு, இது இப்ப வெறும் ரூம். பச்சை டேப்ல கட்டம் கட்டமா ஒட்டியிருக்கேன் பாருங்க, அது தான் உங்க புது கிச்சன். இது ஃப்ரிட்ஜ். இது சிங்க். இது அடுப்பு. நீங்க எப்பவும் போல ஒரு டீ போட்டு, ஒரு முட்டை பொரிக்கணும். கையில எதுவும் இல்லாம, சும்மா. உங்க கால் தடம் பொடியில விழும். அதைப் பாத்துத் தான் எது எங்க வரணும்னு நான் முடிவு பண்ணுவேன்.

— யாராவது ஜன்னல் வழியா பாத்தா எனக்கு முத்திப் போச்சுன்னு நினைப்பாங்க.

— எல்லா வீட்லயும் இதையே தான் சொல்றாங்க. என்ன பண்ண, வாயால கேட்டா பொய் வருது. மூணு வேளையும் வகை வகையா சமைப்போம்னு அடிச்சுச் சொல்வாங்க. தடத்தைப் பாத்தா டிவிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவுல தான் ரோடு போட்டிருக்கும். காலுக்குப் பொய் சொல்லத் தெரியாது, புரியுதுங்களா?

— மேடம், அந்த பல்பு—

— ஆ.

— சொல்றதுக்குள்ள இடிச்சுட்டீங்க. எங்க தலைக்கெல்லாம் அது எட்டவே எட்டாது. வலிக்குதா?

— பழகிப் போச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும் என் தலைக்குன்னு ஒண்ணு தொங்கிக்கிட்டு இருக்கும். பென்சில் எங்க போச்சு? இப்ப தானே கையில வெச்சிருந்தேன்.

— கொண்டையில செருகியிருக்கு.

— அதுவும் பழகிப் போச்சு. நீங்க என்னை மேடம் மேடம்னு கூப்பிடாதீங்க, கூச்சமா இருக்கு. நான் உங்களை விட நாலஞ்சு வயசு சின்னவளா தான் இருப்பேன்.

— வேற எப்படிக் கூப்பிட? இருக்கட்டும், வாயில தானா ஒண்ணு வரும்.

— சரி, நடங்க. தலையை நிமித்தி. ஃப்ரிட்ஜைத் திறங்க. பாலை எடுங்க. அடுப்புல வைங்க. ம். பாத்திரம் அழுக்கா இருக்கு, சிங்க்ல கழுவுங்க. திரும்ப அடுப்புக்கு வாங்க. முட்டையை மறந்துட்டீங்க பாருங்க, ஃப்ரிட்ஜ். இப்ப அடுப்பு. போதும், அப்படியே வெளிய வந்துடுங்க.

— டீ நல்லா இருந்துச்சா?

— சர்க்கரை தூக்கல். இருங்க, தடத்தைப் பாக்கறேன். ஃப்ரிட்ஜை ஏன் வாசல் பக்கம் ஒட்டச் சொன்னீங்க? சிங்க் பக்கம் தள்ளினா உங்களுக்கு நடை குறையுமே.

— வாசல் பக்கமே இருக்கட்டும். பாப்பாவுக்குத் தாகம் எடுத்தா, சமைக்கறவங்களுக்குப் பின்னாடி புகுந்து போகக் கூடாது. எட்டி எடுத்துக்கிட்டு ஓடிடணும்.

— நல்ல யோசனை தான். பாதிப் பேருக்கு இது தோணாது. ஆனா... இது என்ன?

— எது?

— சிங்க்ல இருந்து அடுப்புக்கு நேர் வழி. ரெண்டு எட்டு தான். நீங்க வளைஞ்சு போயிருக்கீங்க. வரும்போதும் வளைஞ்சு தான் வந்திருக்கீங்க. அடுப்புல பால் வைக்கும்போது கூட எதிர நிக்கல, ஓரமா நின்னு கையை நீட்டி வெச்சிருக்கீங்க. அடுப்புக்கு முன்னாடி பாருங்க, ஒரு கால்மிதி அளவுக்குப் பொடி கலையவே இல்ல. வெள்ளையா அப்படியே இருக்கு.

— ம்.

— பழைய கிச்சன்ல அங்க ஏதாவது இருந்துச்சா? ஸ்டூல், சிலிண்டர்?

— ஒண்ணும் இல்ல.

— அப்புறம் காலுக்கு அங்க என்ன பயம்?

— பயம் எல்லாம் இல்ல. அடுப்புகிட்ட ஒருத்தங்க நிக்கும்போது இடிச்சுக்கிட்டா போவாங்க?

— யாரு நிக்கறா?

— அது இருக்கட்டும். உயரம் எடுக்கணும்னு சொன்னீங்களே, எடுங்க.

— என்னமோ போங்க. வாங்க, இந்தப் பலகை முன்னாடி நேரா நில்லுங்க. மேடைக்குப் பதிலா இது தான். கீழ திருகு இருக்கு, சுத்தினா ஏறும், இறங்கும். முழங்கையை மடக்குங்க. இந்த அளவு டேப்போட முனையைப் பிடிங்க. இல்ல இல்ல, அந்தப் பக்கமா வாங்க, எனக்கு இடது கையில தான் எழுத வரும். ம். முழங்கைக்கு நாலஞ்சு அங்குலம் கீழ. உங்களுக்கு முப்பத்தொண்ணு போட்டா இடுப்பும் வலிக்காது, தோளும் வலிக்காது. உயரம் சரியா இருக்கா?

— முப்பத்தேழு போடுங்க.

— எது?

— முப்பத்தேழு அங்குலம்.

— விளையாடறீங்களா? உங்க முழங்கைக்கு மேல வந்துடும். தோளைத் தூக்கிக்கிட்டே கிளறணும். ஒரு மாசத்துல கழுத்தைத் திருப்ப முடியாது.

— எனக்கு இல்ல.

— பின்ன, சார் சமைப்பாரா?

— அவரா? அடுப்புத் திருகை எந்தப் பக்கம் திருப்பணும்னு அவருக்கு இன்னும் தெரியாது.

— என்ன, என் தலை உருளுற சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது?

— வாங்க சார். உங்க வீட்டுக்காரம்மா மேடையை ஆறங்குலம் தூக்கச் சொல்றாங்க. நீங்களே கேளுங்க.

— இவளா? நாற்காலில உக்காந்தா கால் தரையில படாத ஆளு மேடம் இவ. ஏம்மா, புது கிச்சன்ல ஏணி போட்டு ஏறிச் சமைக்கப் போறியா? என்ன நான் சொல்றது, அதுக்கும் ஒரு கட்டம் போடுங்க மேடம், ஏணி வைக்க.

— நீங்க கொஞ்சம் பேசாம அந்த ஃப்ரிட்ஜ்ல தண்ணி எடுத்துக் குடிங்க.

— ஃப்ரிட்ஜைத் தான் ஹால்ல கொண்டு போய் வெச்சாச்சே.

— டேப் ஒட்டியிருக்கு பாருங்க, அந்த ஃப்ரிட்ஜ். மேடம் உங்க தடமும் பாக்கணும்.

— சரியாப் போச்சு. சொந்த வீட்ல, இல்லாத ஃப்ரிட்ஜ்ல, இல்லாத தண்ணியைக் குடிக்க நான் செருப்பைக் கழட்டணும். இந்தா, வந்தாச்சு. திறந்தாச்சு. குடிச்சாச்சு. ஜில்லுனு இருக்கு. மேடம், ஒண்ணு கேக்கறேன், உங்க வீட்டு கிச்சன் எப்படி இருக்கும்? பிரமாதமா போட்டு வெச்சிருப்பீங்களே.

— வீடு எங்க இருக்கு சார்? ஹாஸ்டல் தான். ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் கிச்சன் போட்டுக் குடுக்கறேன், எனக்குன்னு ஒரு அடுப்பு கிடையாது.

— அடப் பாவமே. வரும், வரும். எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரணும்ல. சரி, நான் வெளிய வரலாமா?

— வாங்க. சார், ஒரு நிமிஷம். தண்ணி எடுத்தா வாசலுக்குத் தானே வரணும்? நீங்க அடுப்பு பக்கம் போயிட்டு வந்தீங்களே.

— போனேனா?

— பேசிக்கிட்டே போனீங்க. தடம் பாருங்க. அந்தக் கலையாத இடத்துக்குப் பின்னாடி, ரெண்டு காலையும் சேத்து நின்னிருக்கீங்க.

— ஓ, அதுவா. சும்மா மேடம். என்ன கொதிக்குதுன்னு எட்டிப் பாக்கறது தான். தினமும் பண்றது தானே. சமைக்கறவங்க தோளுக்கு மேல எட்டிப் பாக்கறது, கரண்டியால ஒரு அடி வாங்கறது, திரும்பிப் போறது.

— சமைக்கறவங்கன்னா?

— இவ தான். வேற யாரு?

— இவங்க என் பக்கத்துல தானே சார் நின்னுக்கிட்டு இருந்தாங்க.

— ஆமா, இங்க தான் நின்னா. ஏதோ ஞாபகத்துல... விடுங்க மேடம்.

— ஏங்க, உங்க தடத்தை இன்னொரு தடவை பாருங்க. குதிகால் பதியல. விரல் மட்டும் தான் அழுந்தியிருக்கு.

— அதனால என்ன?

— எக்கி நின்னு பாத்திருக்கீங்க. என் தலைக்கு மேல பாக்க நீங்க எப்ப எக்கினீங்க? நான் உங்க நெஞ்சுக்குத் தானே வர்றேன்?

— நீ ஒருத்தி. காலையில இருந்து நல்லாத் தானே இருந்த. மேடம், இவ சொல்றதைக் கேட்டுக்கிட்டு மேடையைத் தூக்கிடாதீங்க. ஸ்கூல் விடற நேரம் ஆச்சு, நான் போய் பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடறேன். உனக்கு ஏதாவது வாங்கணுமா?

— ஒண்ணும் வேணாம். பாத்துப் போங்க.

— சார் முகமே வெளுத்துப் போச்சு. இப்ப சொல்லுங்க, யாருக்கு அந்த முப்பத்தேழு?

— எனக்கு அப்புறம் வர்றவங்களுக்கு.

— அப்புறம்னா? உடம்புக்கு ஏதாவது...

— ஒண்ணும் இல்ல மேடம். நானும் அப்படித் தான் நினைச்சு டாக்டர்கிட்ட போனேன். ரத்தம், ஸ்கேன், எல்லாம் எடுத்தாங்க. குதிரை மாதிரி இருக்கீங்க, போய் வேலையைப் பாருங்கன்னுட்டார்.

— அப்ப சந்தோஷமா இருக்க வேண்டியது தானே?

— கிச்சனை மாத்தலாம்னு பேச்செடுத்தோம் பாருங்க, மறுநாள் காலையில இருந்து தெரியுது. கனவு இல்ல. பல் தேய்ச்சுட்டு, நல்லா முழிச்சுக்கிட்டுத் தான் உள்ள வருவேன். வந்தா பழைய கிச்சன் இருக்காது. புதுசு இருக்கும். வெள்ளை மேடை. ஜன்னலோரம் சிங்க், இதோ நீங்க இப்ப ஒட்டியிருக்கற இதே இடத்துல. நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல, நீங்களா தான் அங்க ஒட்டினீங்க.

— ஜன்னலோரம் சிங்க் வைக்கறது வழக்கம் தானே. எல்லாரும் வைப்போம்.

— இருக்கலாம். அந்த கிச்சன்ல இவர் இருப்பார். பாப்பா மேடை மேல உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு இருப்பா. அடுப்புகிட்ட ஒருத்தங்க முதுகைக் காட்டி நிப்பாங்க. நல்ல உயரம். நான் எங்கன்னு ஒவ்வொரு ரூமா போய்ப் பாத்தேன் மேடம். எல்லாரும் இருக்காங்க. நான் மட்டும் இல்ல.

— இதெல்லாம் மனசு பண்ற வேலை. வீட்டை இடிக்கும்போது எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு தோணும். ஒருத்தங்க பழைய சிங்க்கைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க, தெரியுமா?

— பாப்பாவுக்கு முன்பல்லு ரெண்டும் புதுசா முளைச்சிருந்துச்சு அங்க. இப்ப தான் ஒண்ணு ஆட ஆரம்பிச்சிருக்கு.

— ஐயோ, சும்மா இருங்க. சார்கிட்ட சொல்லிட்டீங்களா?

— சொன்னா சிரிப்பார். சிரிச்சுட்டு அப்புறம் தூங்க மாட்டார்.

— அப்ப ஒண்ணு பண்ணுங்க. இந்த வேலையே வேணாம். பழைய மேடை எப்படி இருந்துச்சோ அப்படியே கட்டிடலாம், பழைய கலர், பழைய இடம். புது கிச்சனே இல்லைன்னா நீங்க பாத்தது எதுவும் நடக்க வழி இல்லைல்ல?

— அதை நான் யோசிக்கலைன்னு நினைச்சீங்களா? கிச்சன் மாறினாலும் மாறலைன்னாலும் அவங்க வரத் தான் போறாங்க, அது எனக்குத் தெரியுது. என் உயரத்துக்குக் கட்டின மேடையில அவங்க வந்து நின்னா என்ன ஆகும்னு தான் என் கவலை.

— என்ன ஆகும்? இடுப்பு வலிக்கும்.

— ஆமா. இடுப்பு வலிக்கும். எங்கம்மாவும் என்னை மாதிரி குள்ளம் மேடம். அம்மா போனப்ப எனக்குப் பாப்பா வயசு. அப்புறம் சித்தி வந்தாங்க. நல்ல வளத்தி. நல்லவங்க தான். வந்த புதுசுல எனக்குத் தலை பின்னி விட்டுக்கிட்டே பாட்டுப் பாடுவாங்க, எனக்குத் தூக்கமே வந்துடும். ஆனா அடுப்பு மேடை எங்கம்மா அளவுக்குக் கட்டினது. காலையிலயும் சாயங்காலமும் சித்தி அதுல வளைஞ்சு நின்னு தான் சமைப்பாங்க. அடுப்பை அணைச்சுட்டு, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிமிருவாங்க. அந்த நிமிர்ற நேரத்துல பக்கத்துல யாரு நிக்கறாங்களோ, அவங்க முதுகுல கரண்டி விழும். பக்கத்துல நிக்கறது எப்பவும் நான் தான்.

— உங்க அப்பா கேக்கலையா?

— கேட்டார். சித்தி அழுவாங்க. எனக்கே தெரியல, ஏன் அடிச்சேன்னு தெரியலன்னு அழுவாங்க. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் சித்தின்னா அப்படித் தான்னு பேசிட்டுப் போவாங்க. பாட்டு நின்னு போச்சு. தலை பின்னறது நின்னு போச்சு. மேடையைத் தூக்கிக் கட்டணும்னு ஒருத்தருக்கும் தோணல. சித்தி கெட்டவங்க இல்ல மேடம். ஆறங்குலம் தான் கெட்டது.

— அதுக்காக, இன்னும் வராத ஒருத்தங்களுக்கு நான் மேடை போடணுமா?

— ஆமா. போட்டுக் குடுங்க, அது போதும். அவங்க வலியில்லாம நிக்கணும். அவங்க நின்னாத் தான் பாப்பா பக்கத்துல உக்காந்து காலை ஆட்ட முடியும். நான் பாக்கறப்ப ஆட்டிக்கிட்டுத் தான் இருக்கா. ஆனா அது எந்த உயரத்து மேடைன்னு தள்ளி நின்னு பாத்தா தெரியல. அதனால தான் பயம்.

— சரி. காசு குடுக்கறவங்க நீங்க, உங்க இஷ்டம். நான் வெறும் கட்டம் போடறவ. சொல்லுங்க, குறிச்சுக்கறேன். பாப்பா உக்கார்ற இடம் எது?

— அடுப்புக்கு வலது பக்கம். அங்க ஓவன் வேணாம், கெட்டில் வேணாம், சூடா எதுவும் வேணாம். வெறும் மேடையா விடுங்க.

— ஓவன் அப்ப எதிர்ச் சுவருக்குப் போகுது. பாத்திரம் கழுவற மெஷின் சிங்க்குக்கு ஒட்டினாப்ல, தண்ணிக் குழாய் அங்க தான் இருக்கு. மிக்சிக்கு ப்ளக் எந்தப் பக்கம்?

— இடது. அவங்க எதை எடுத்தாலும் இடது கையில தான் எடுப்பாங்க.

— இடது. சரி. ஃப்ரிட்ஜ் கதவு?

— அந்தக் கைக்கு ஏத்த மாதிரி திறக்கணும்.

— ம். புகை இழுக்கற சிம்னி எவ்வளவு மேல?

— நல்லா மேல தூக்கிடுங்க. மேல என்ன இருக்குன்னு பாக்காம சட்டுனு நிமிருவாங்க. தொங்கறது எல்லாத்துலயும் தலையை இடிச்சுக்குவாங்க.

— இவ்வளவு போதும். மிச்சத்தை எங்க ஆபீஸ்ல இருந்து வேற ஒருத்தர் வந்து எடுத்துக்குவார்.

— ஏன் மேடம், கோபமா?

— கோபம் எல்லாம் இல்ல. எனக்கு வேற வேலை இருக்கு. முகம் எப்படி இருக்கும்?

— யாருக்கு?

— அவங்களுக்குத் தான். பாத்திருக்கீங்கல்ல.

— முதுகு மட்டும் தான். திரும்பினதே இல்ல. நானும் பக்கவாட்டுல எல்லாம் சுத்திப் பாத்துட்டேன், முடியல. அதான் வளைஞ்சு வளைஞ்சு நடந்து பழகிப் போச்சு.

— பாத்தீங்களா, முகமே இல்லாத ஆளு. நீங்களா கட்டிக்கிட்ட கதை. இங்க யாரும் இல்லைங்க. இதோ பாருங்க, நான் நடக்கறேன். உங்களை மாதிரி வளைஞ்சு இல்ல, நேரா.

— செருப்பைக் கழட்டிட்டீங்க.

— பொடியில செருப்போட நடந்தா தடம் கெட்டுடும். பழக்கம். இதோ சிங்க். இதோ அடுப்பு. இதோ உங்க வெள்ளை இடம், அதுக்குள்ள ரெண்டு காலையும் வெச்சு நிக்கறேன். என்னை யாராவது இடிக்கறாங்களா? தள்ளறாங்களா? ஒண்ணும் இல்ல. பொடி, பலகை, டேப். அவ்வளவு தான்.

— பலகை மேல கையை வைங்க.

— வெச்சாச்சு.

— குனிய வேண்டியிருக்கா?

— இல்ல. இதை யாரு திருகி மேல ஏத்தினது? நான் முப்பத்தொண்ணுல தானே விட்டேன்.

— நீங்க குறிச்சுக்கிட்டு இருந்தப்ப நான் தான் ஏத்தினேன். தோள் வலிக்குதா?

— இல்ல. கால் சில்லுனு இருக்கு, அவ்வளவு தான். வாசல்ல வண்டிச் சத்தம் கேக்குது. சார் வந்துட்டார் போல. நான் நகர்ந்துக்கறேன்.

— பாப்பா ஓடி வர்றா பாருங்க, அவ வாசலுக்கு வரட்டும். தினமும் அடுப்புகிட்ட முதுகைக் காட்டி நிக்கறவங்க கொண்டையில இருக்கறது என்ன குச்சின்னு தான் எனக்கு இத்தனை நாளா விளங்கல. நீங்க பென்சிலைத் தேடினப்ப தான் விளங்குச்சு.

— என்ன சொல்றீங்க? இருங்க, நான் திரும்பி...

— திரும்ப வேணாம். அப்படியே நில்லு தங்கச்சி. உயரம் சரியா இருக்கா?